புதன்கிழமை இரவும் பன்னிரண்டு படங்களும்

தாராவியின் வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கியது. அதுமுதல் நம் குடும்பங்கள் பலவற்றில் பரண்மீதிருந்த டிரங்குப் பெட்டிகள் கீழே இறங்கலாயின. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்பவர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு என்பது அத்திட்டத்தின் விதி. ஆகவே ரேஷன் கார்டு, மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியலின் படி, எல்லாவற்றிற்கும் மேலாக 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டி வழங்கப்பெற்ற ‘போட்டோ பாஸ்’ என்று மூன்று தலைமுறைத் தாள்களையும் புரட்டினோம். தேடியவற்றுள் சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. தேடாதவை ஏராளமாகக் கிடைத்தன.

அவ்வாறு ஓர் அன்பர் இல்லத்துப் பெட்டியில் கிடைத்த இரண்டு பொருள்களைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகின்றோம். ஒன்று, கோடிட்ட பள்ளிக் குறிப்பேடு. அதன் பக்கந்தோறும் மேலே ஒரு புதன்கிழமையின் தேதி, கீழே எண்கள், எண்களுக்கு நேரே இந்தித் திரைப்பாடல்களின் பெயர்கள், தமிழ் எழுத்தில். மற்றொன்று, உள்ளங்கையில் அடங்கும் சதுரமான கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதன் விளிம்பு இரம்பப் பல்போல் வெட்டப்பட்டிருக்கின்றது.

படத்தின் நடுவே, சந்தில் இட்ட நாற்காலியின்மீது ஒரு வானொலிப் பெட்டி. அதன் தலையில் பூவேலை செய்த துணி. ஒருபுறம் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த குடும்பத் தலைவர். மறுபுறம் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு பிள்ளைகள் மூவர். கதவு நிலையின் ஓரத்தில் வளையல் அணிந்த ஒரு கை மட்டும் தெரிகின்றது. முன்புறம் மண்தரையின்மேல் ஒருவரின் தலையும் தோளும் நிழலாக நீண்டு கிடக்கின்றன. படத்தைத் திருப்பினால் பென்சிலால் ஒரு பாட்டின் பெயரும், அருகே ‘முதல் படி’ என்னும் இரண்டு சொற்களும் உள்ளன. ஆண்டு இல்லை, நாள் இல்லை, நிற்பவர்களின் பெயரும் இல்லை.

அப்பாட்டு ‘சூரஜ்’ என்னும் படத்தில் முகமது ரஃபி பாடியது. படம் வெளிவந்த ஆண்டு 1966. குறிப்பேட்டில் அவ்வாண்டின் பக்கங்களைப் பார்த்தோம். மழை ஓய்ந்த காலத்துப் பக்கம் ஒன்றின் ஓரத்தில், அதே பென்சிலால், அதே கையெழுத்தில், ‘போட்டோ எடுத்த வாரம்’ என்று எழுதியிருந்தது. கல்வெட்டறிஞர்கள் அரசனின் ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிப்பர். நாம் ஒரு பாட்டின் ஆட்சி வாரத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தின் காலத்தைக் கணித்தோம்.

அக்குறிப்பேட்டை எழுதியவர் அன்று பதினான்கு வயதுச் சிறுவர். இன்று எழுபதைக் கடந்த பெரியவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்த குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை. நாம் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைக்கின்றோம். அவர் எழுதி வைத்தது ‘பினாகா கீத் மாலா’ என்னும் நிகழ்ச்சியின் வரிசை. இன்று நம் பேரப்பிள்ளைகளுக்கு அப்பெயரை விளக்கியாக வேண்டும். ஆகவே சற்று விரிவாகவே சொல்வோம்.

1952ஆம் ஆண்டு மைய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கின்றது என்பது அவர் எண்ணம். அனைத்திந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கிருந்த இடம் சுருங்கிற்று. உள்நாட்டில் அடைபட்ட கதவு கடலுக்கு அப்பால் திறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேசநாட்டுப் படைத் தலைமை இலங்கையில் ஒலிபரப்பு நிலையம் ஒன்றை நடத்தியது. அதன் ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 முதல் அங்கு வணிக ஒலிபரப்பும் நடைபெறலாயிற்று. விளம்பரம் தருவோர் பம்பாயில் இருந்தனர். பாடுவோரும் பம்பாயில் இருந்தனர். கேட்போரோ இந்தியா முழுவதும் இருந்தனர். ஒலிபரப்ப மட்டும் கொழும்பு வேண்டியிருந்தது.

1952 டிசம்பர் 3 அன்று, சீபா நிறுவனத்தின் பினாகா பற்பசைக்கு விளம்பரமாக அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. நடத்தியவர் இருபது வயதும் நிரம்பாத அமீன் சயானி. சம்பளம் வாரத்துக்கு இருபத்தைந்து ரூபாய். முதலில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. ஏழு பாடல்கள் ஒலிக்கும். அவற்றைக் கால வரிசைப்படி அடுக்கி எழுதியனுப்புவோர்க்கு நூறு ரூபாய்ப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன. பின்னர் அது வாரத்துக்கு அறுபத்தையாயிரம் வரை பெருகியது. அத்தனை கடிதங்களைப் பிரித்துப் பார்க்கவும் ஆளில்லாமற் போகவே போட்டி கைவிடப்பட்டது. மக்கள் விருப்பத்தின் வரிசையே நிகழ்ச்சியாயிற்று. புதன்கிழமை இரவு எட்டு மணி என்றால் சாலையோரத்து இரானி ஓட்டல்களில் தேநீர்க் கோப்பையின் ஓசையும் அடங்கும் என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

சயானி இடங்களை ‘முதல், இரண்டாம்’ என்று வெறுமனே சொல்லவில்லை, ‘பாயதான்’ என்றார். படிக்கட்டின் படி என்பது அதன் பொருள். இந்த வாரம் இரண்டு படி ஏறியது, மூன்று படி இறங்கியது என்று பாட்டை ஓர் ஆள்போல நடக்கவிட்டார். நெடுநாள் நின்று நிலைபெற்ற பாட்டுக்குச் ‘சர்தாஜ்’, அதாவது மணிமுடி சூட்டிச் சிறப்புடன் விடைகொடுத்தார். அண்ணாச்சியின் குறிப்பேட்டிலும் ‘படி’ என்ற சொல்லே இருக்கின்றது. பள்ளியில் இந்தி படிக்காத சிறுவர் செய்த மொழிபெயர்ப்பு அது; குறை சொல்ல இடமில்லாத மொழிபெயர்ப்பு.

பாட்டுக்கு வரிசை எண் இடும் வழக்கம் மேனாட்டிலும் அப்போது புதிதே. அமெரிக்காவில் ‘பில்போர்டு’ இதழ் இசைத்தட்டு விற்பனையின் வரிசையை 1940இல் வெளியிட்டது. இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ என்ற இதழ் 1952 நவம்பர் 14 அன்று தன் முதல் வரிசையை அச்சிட்டது. இதழின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகள் அளவில் தொலைபேசியில் கேட்டுத் தொகுத்த பன்னிரண்டு இடங்கள்தாம் அவ்வரிசை. கொழும்பிலிருந்து பினாகா ஒலித்தது அதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து. இலண்டன் மாநகரத்துக்குப் பம்பாய் இதில் பின்தங்கியிருந்ததாகச் சொல்ல இயலாது.

வரிசை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது நாம் கேட்க வேண்டிய வினா. பல ஊர் இசைத்தட்டுக் கடைகளிலிருந்து விற்பனைக் கணக்கு வந்தது. கடைக்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு கணக்கை ஏற்றிவிடலாம் அன்றோ? எனவே ‘ஷ்ரோதா சங்’ எனப்பட்ட நேயர் மன்றங்களின் விருப்பமும் சேர்த்து எண்ணப்பட்டது. அந்நாளில் பீகாரைச் சேர்ந்திருந்த ஜும்ரி தலையா என்னும் அப்பிரகச் சுரங்க ஊர், வானொலிக்கு எழுதிய விருப்பக் கடிதங்களாலேயே நாடெங்கும் பெயர்பெற்றது என்றால் எழுதும் ஆர்வம் எத்தகையது என்பது விளங்கும்.

ஆயின் தாராவியில் இசைத்தட்டு வாங்கியவர் யார்? ஒரு தட்டின் விலை தோல் பதனிடுவோரின் கூலியில் எத்தனை நாள்? வாங்கினாலும் சுழற்றிப் பாட வைக்கும் கருவி எங்கே? நேயர் மன்றம் அமைத்து இந்தியில் மடல் எழுதியோரும் நம்மில் அரியர். ஆகவே அந்த வரிசையில் நம் விருப்பம் எண்ணப்படவே இல்லை. பதினான்கு வயதுச் சிறுவர் வாரந்தவறாமல் எழுதிவைத்தது பிறர் விருப்பத்தின் கணக்கை. இதனை நாம் வருத்தத்தோடு சொல்லவில்லை. எனினும் வரலாறு எழுதும்போது விட்டுவிடக் கூடாத செய்தி இது. ‘நாடே விரும்பிய பாடல்’ என்று பழைய வரிசைகளைக் காட்டிச் சொல்வோர், அந்த நாட்டில் தட்டு வாங்க இயன்றவர் எத்துணைப் பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மவர்க்கு ‘இலங்கை வானொலி’ என்பது வேறு பொருள் தந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. நெல்லை, தூத்துக்குடிக் கரையில் கொழும்பு நிலையம் தமிழ் நிலையமே. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும், காலை வேளையின் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியும் அறியாத வீடு அங்கு இல்லை. அக்குடும்பங்கள் பம்பாய்க்கு வந்து, பழகிய கையால் அதே நிலையத்தைத் தேடித் திருகினால், அதே கொழும்பு இந்தியில் பேசிற்று! தமிழ் ஒலிபரப்பு இங்கே இரைச்சலினிடையே வந்தும் வராமலும் இருந்தது. இந்தி தெளிவாக வந்தது. ஊரில் உறவினர் 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தபோது, அவர்தம் பங்காளிகள் இங்கே ஈழத்து நிலையம் வழியாக இந்தி கற்றுக்கொண்டிருந்தனர். இதில் முரண் இருப்பதாகச் சிலர் எழுதக் கண்டுள்ளோம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒன்று ஆட்சிமொழிச் சிக்கல். மற்றொன்று காய்கறிக்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் பேசிப் பிழைக்கும் வழி. பாட்டு அவ்வழியை இனிதாக்கியது, அவ்வளவே.

மாட்டுங்கா வீடுகளில் நிலைமை வேறு. சண்முகானந்த சபை தோன்றியதும் பினாகா பிறந்த அதே 1952இல். அரங்கம் எழுந்தது 1963இல். பெரியவர்கள் கச்சேரிக்குச் செல்லும் வீட்டில் திரைப்பாட்டு, அதுவும் இந்தித் திரைப்பாட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று. ஆயினும் அந்தக் கதவு வலுவானதன்று. ‘சூரஜ்’ படத்தின் நாயகி வைஜயந்திமாலா. அதே படத்தில் பாடிப் புகழெய்திய சாரதா ஐயங்கார் குடும்பத்துத் தமிழ்ப் பெண். வேலூரில் பிறந்து, மணமாகிப் பம்பாய்க்கு வந்து, வங்கிப் பணியிலிருந்து, உஸ்தாத் அப்துல் ரகுமான் கானிடம் இந்துஸ்தானி இசை பயின்ற வாணி ஜெயராம் 1971இல் ‘குட்டி’ படத்தில் வசந்த் தேசாயின் இசையில் பாடினார். நம் வீட்டுப் பெண்ணொருத்தி படியேறுகின்றாள் என்ற பெருமிதம் எழுந்தபின், பெரியவர்களும் புதன்கிழமை இரவில் கூடத்துப் பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டனர். செம்பூரிலோ பாட்டு பிறக்கும் இடமே அண்டை வீடு. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ அங்குதான் இருந்தது. 2017இல் தீக்கிரையாகி, 2019இல் விலைபோனபின், அத்தெருவில் நின்று ‘இங்கேதான்’ என்று சுட்டிக்காட்டும் தாத்தாக்கள் இன்னும் சிலர் உள்ளனர்.

இனிப் புகைப்படத்துக்கு வருவோம்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் நடுத்தரக் குடும்பங்களின் கையிலிருந்த கருவி பெரும்பாலும் ஆக்பா நிறுவனத்தின் ‘கிளிக் 3’. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அதனைச் செய்து விற்றது. கறுப்புப் பெட்டி, தூரத்தை அளந்து திருப்ப வேண்டிய வேலை இல்லை, வெயிலா மேகமா என்று பார்த்து ஒரு சிறு நெம்பைத் தள்ளினால் போதும். ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடித் துளை வழியே எண்ணைப் பார்த்துக்கொண்டே கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறந்து மீண்டும் அழுத்தினால் முதற்படத்தின்மேலேயே இரண்டாம் படமும் விழும். கோயில் கோபுரத்துக்குள் அத்தையின் முகமும், கேட்வே ஆப் இந்தியாவின் வளைவுக்குள் ஆட்டுக்குட்டியும் நிற்கும் படங்களை நம் தொகுப்புகளில் எத்தனை முறை கண்டு சிரித்திருக்கின்றோம்!

வீட்டுக்குள் அக்கருவி பயன்படாது, வெளிச்சம் போதாது. ஓரறை வீடுகளில் பகலிலும் இருள். ஆகவே படத்தில் இருக்க வேண்டியவை யாவும் வெளியே வர வேண்டும். வானொலிப் பெட்டி சந்துக்கு வந்தது அதனாற்றான். வெயில் எடுப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும் என்பது கருவியோடு வந்த குறிப்புத்தாளின் முதல் அறிவுரை. மாலை வெயிலில் அதனை அப்படியே கடைப்பிடித்தால் எடுப்பவரின் நிழல் படத்துக்குள் விழும். நாம் பார்த்த பழைய படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்நிழல் உண்டு. தந்தை எடுத்தால் தந்தை இல்லை. நிழல் மட்டும் இருக்கும்.

சுருளின் கதையிலும் நமக்கொரு பங்குண்டு. அயல்நாட்டுச் சுருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த காலம் அது. நீலகிரியில், உதகமண்டலத்தில், 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், நிலவு என்று பொருள்படும் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளை விற்றது. வண்ணப்படம் வந்து அந்நிறுவனம் நலிந்தது பின்னைய கதை. எழுபதுகளில் பம்பாய்த் தமிழர் முகங்கள் பல, நீலகிரி மலைமேல் பூசப்பெற்ற வெள்ளி உப்பில் பதிந்தன என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

பன்னிரண்டே படங்கள் என்பதால் ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டது. பொங்கலுக்கு இரண்டு, பிள்ளையின் காதணி விழாவுக்கு மூன்று, ஊரிலிருந்து வந்த மாமாவுக்குச் சௌபாத்திக் கடற்கரையில் ஒன்று என்று மாதக்கணக்கில் ஒரு சுருள் ஓடும். முடிந்தபின் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்து, எத்தனை தேறின என்று அறியும்வரை இருப்புக் கொள்ளாது. தேறியவற்றில் சிறந்தது வீட்டில் தங்குவதில்லை. மணியார்டரைத் தொடர்ந்து ஊருக்குப் போகும் உறைக்குள் போகும். படம் என்பது ஊருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. அதில் நலமும் வளமும் தெரிய வேண்டும். புதுச் சட்டை தெரிய வேண்டும்; கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து வைக்க வேண்டும்.

தாராவிப் படத்தைக் காட்டி, “அந்தக் காலத்திலேயே உங்கள் வீட்டில் வானொலி இருந்ததா அண்ணாச்சி?” என்று வியந்து கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

“ரேடியோ நம்மளது இல்லய்யா. டீக்கடைக்காரருது. அரை மணி நேரத்துக்கு இரவல் குடுத்தாரு. அந்தப் பூத்துணி மட்டும் நம்ம வீட்டுது. அம்மா போட்ட பூவேலை.”

நாற்காலியும் இரவலாம். கருவி, மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அன்பருடையது. ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு நடத்திப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பித்தவர் அவர். அந்தத் தமிழெழுத்தில்தான் சிறுவர் இந்திப் பாட்டின் பெயர்களை எழுதினார். புதன்கிழமைதோறும் தேநீர்க் கடையின் பலகைக்கு வெளியே நின்று, கேட்டதை மனத்தில் வாங்கி, வீட்டுக்கு ஓடிவந்து எழுதியதாகச் சொன்னார். உள்ளே உட்கார்ந்தால் தேநீர் வாங்க வேண்டுமே! சில பக்கங்களில் ஏழாம் எண்ணோ ஒன்பதாம் எண்ணோ வெற்றிடமாக இருப்பதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஓடிவரும் வழியில் மறந்த பாடல்கள் அவை.

ஊரிலிருந்த பாட்டி அப்படத்தைப் பார்த்து, மகன் வானொலி வாங்கிவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னாராம். அதனைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நான்காண்டுகள் கழித்து அக்குடும்பம் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியது. படம் சற்று முந்திக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 1966 வேறொரு வகையிலும் நம் நினைவில் நிற்கும் ஆண்டு. சூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பெற்றது. தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற முழக்கம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அக்காலத்துப் படங்கள் எவற்றிலும் அச்சத்தின் சுவடு இல்லை. எல்லாரும் சிரிக்கின்றனர், அல்லது சிரிக்க வேண்டும் என்பதை மறந்து விறைத்து நிற்கின்றனர். உடைந்த கண்ணாடியின்முன் நின்று எவரும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டில் ஒன்றை அதற்குச் செலவிட யாருக்கு மனம் வரும்? ஆதலால் படத்தொகுப்பை மட்டும் நம்பி நம் வரலாற்றை எழுதினால் அது விழாக்களின் வரலாறாகவே முடியும். பாடல் வரிசையை மட்டும் நம்பினால் தட்டு வாங்கியவர்களின் வரலாறாக முடியும்.

எழுபதுகளில் நம் மக்கள் எடுத்துக்கொண்ட படங்களில் இன்னொரு வகையும் உண்டு. 1976 சனவரியில் மராட்டிய அரசு பம்பாயின் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தோர்க்குப் புகைப்படம் ஒட்டிய அட்டை வழங்கிற்று. அதுவே ‘போட்டோ பாஸ்’. அதுவரை ஒருமுறையும் படத்துக்கு நிற்காதவர்கள் அன்றைக்கு முதன்முறை நின்றனர். அப்படத்தில் பூத்துணி இல்லை, இரவல் நாற்காலி இல்லை, எடுத்தவரின் நிழலும் இல்லை. அன்புடன் எடுத்த படம் பெட்டியின் அடியில் கிடக்க, அட்டைக்காக எடுத்த படம் பிளாஸ்டிக் உறையில் காக்கப்பெற்றது. காரணம் வெளிப்படை: ஒன்று நினைவு, மற்றொன்று வீடு.

நம் அன்பர் குடும்பத்தில் அந்த அட்டை வெள்ளத்தில் நனைந்து படிக்க முடியாமற் போயிருந்தது. 1966ஆம் ஆண்டுச் சதுரப் படத்தையும் குறிப்பேட்டையும் இளையவர் ஒருவர் கணக்கெடுக்க வந்தவரிடம் காட்டிப் பார்த்தார். அவர் இரண்டையும் நெடுநேரம் புரட்டினார். தம் தந்தையும் பினாகா கேட்பவர்தாம் என்று மராத்தியில் சொன்னார். பிறகு, இவை ஆவணப் பட்டியலில் இல்லை என்று திருப்பித் தந்தார். அவர்மீது நமக்குக் குறையில்லை. முப்பதாண்டுக்கு முந்திய மின்கட்டணச் சீட்டொன்று மறுநாள் அரிசித் தூக்கின் அடியில் விரித்த தாளாகக் கிடைத்தது. கடைசியில் அச்சீட்டே துணை செய்தது.

பெயர் எழுதாமையே இப்படங்களின் பெருங்குறை. நடுகல்லில் வீரனின் பெயரைப் பொறித்து வைத்த மரபு நம்முடையது. அகப்பாட்டிலோ தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நம் குடும்பப் படங்கள் அறியாமலே அகத்திணை நெறியைப் பின்பற்றிவிட்டன போலும்! எடுத்த நாளில் எல்லாரையும் எல்லார்க்கும் தெரியும். எழுதுவானேன் என்ற எண்ணம். ஐம்பதாண்டு கழித்து, ‘இடப்புறம் நிற்பவர் யாரோ ஒரு பெரியப்பா’ என்ற அளவில் நிற்கின்றது. சென்ற திங்கள் செம்பூரில் ஒரு வீட்டைக் காலிசெய்தபோது இருநூறு படங்கள் பழைய தாளோடு எடைக்குப் போயின என்று கேள்வியுற்றோம். எறிந்தவரைக் குறைகூறிப் பயனில்லை. அவற்றிலிருந்த முகம் ஒன்றையும் அவர் அறியார்.

பாடல் வரிசைக்கு இத்துன்பம் நேரவில்லை. பினாகா, பிற்காலத்தில் சிபாகா என்று பெயர் மாறி, 1989இல் விவித் பாரதிக்கு வந்து, 1994 வரை ஒலித்தது. சயானி 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் மறைந்தபோது, எந்த ஆண்டில் எந்தப் பாட்டு முதலிடம் பெற்றதென்று செய்தித்தாள்கள் பிழையின்றி அச்சிட்டன. அண்ணாச்சியைப் போன்ற ஆயிரக்கணக்கான குறிப்பேட்டுக்காரர்கள் நாடெங்கும் இருந்தனர். பாட்டுக்குக் காட்டிய அக்கறையை நம் முகங்களுக்கு நாம் காட்டினோமா என்று கேட்கத் தோன்றுகின்றது. கேட்டால் விடை சொல்ல நமக்கும் நாவெழவில்லை.

சங்கத்து அன்பர் சிலர் கூடி, ஞாயிறுதோறும் இரண்டொரு வீட்டுக்குச் சென்று, மூத்தோர் அருகில் அமர்ந்து, படங்களின் பின்புறம் பெயர் எழுதும் பணியைத் தொடங்கியுள்ளோம். மை ஊறி முன்பக்கம் தெரியும் என்பதால் பென்சில்தான். தாராவி வீட்டுக்குச் சென்றபோது அச்சதுரப் படத்தை அண்ணாச்சியின் கையிலேயே கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதினார். கதவோரத்துக் கைக்கு நேரே ‘அம்மா’ என்று எழுதினார். படத்துக்கு வரச் சொல்லியும் சேலை பழையதென்று வர மறுத்தாராம். பூத்துணி நழுவிவிடுமோ என்று கையை மட்டும் நீட்டியிருந்தாராம். பிறகு நிழலுக்கு நேரே தமிழ் வாத்தியாரின் பெயரை எழுதினார். சிறிது நேரம் யோசித்து, இடுக்கிலிருந்த வெற்றிடத்தில் பொடி எழுத்தாக ‘ரேடியோ: டீக்கடை’ என்று எழுதிப் படத்தை நம்மிடம் தந்தார்.